விசில் நின்ன இடம்

பஸ்ஸுல வர்றவன் மடியில எதுக்குங்க ஹெல்மெட்டுன்னுதானே பாக்கறீங்க? ஏறுனதுல இருந்து பாத்துட்டே வர்றீங்க, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன். முட்டியில கவசம், தோள்ல இத்தாப்பெரிய பை, மூஞ்சியில மூணு நாள் தாடி. பைத்தியம் இல்லீங்க தம்பி. பயப்படாம உக்காருங்க. பயமெல்லாம் எனக்குத்தான்.

நீங்க எங்க, கடைசி ஸ்டாப்பா? புதூரா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். முக்கால் மணி நேரம் ஆகுமுங்க.

எம்பேரு திருமலைசாமி. கவர்மெண்ட் பஸ் டிரைவரு. போன வைகாசியில ரிட்டையர் ஆனேன். முப்பத்தோரு வருசம், அத்தனையும் மலை ரூட்டு. இந்தப் பொறகால சீட்டுல இன்னைக்குத்தான் மொதல் மொதலா உக்காந்திருக்கறேன்னா நம்புவீங்களா? முப்பத்தோரு வருசத்துல ஒரு ஆக்சிடென்ட் கெடையாதுங்க. சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. ஃப்ரேம் போட்டு ஊட்டுல மாட்டியிருக்கறேன்.

செல்லமுத்து விசயம் வேற. அது ஆக்சிடென்ட் இல்லீங்க. அவன் நின்ன எடம் தப்பு. அதை அப்பறம் சொல்றேன்.

இருங்க. ஒரு விசில். நிக்கப் போகுது. நின்னுருச்சா? இப்ப ரெண்டு விசில் அடிப்பாரு பாருங்க. அடிச்சாச்சு. கெளம்பிருச்சு. உங்களுக்கெல்லாம் இது காதுலயே விழுகாது. எனக்கு இந்த விசில் இல்லாம கால் கிளட்ச்ச விடாதுங்க.

விளையாட்டுக்குச் சொல்லலை. நெசமாவே விடலை. கேளுங்க.

மலை ரூட்டுல போறப்ப இந்தப் பசங்களைப் பாப்பேன். பைக்குல மூட்டையைக் கட்டிட்டு, ஒண்டியா, எங்கியோ போயிட்டே இருப்பாங்க. வளைவுல நிறுத்தி மேகத்தைப் பாப்பாங்க. எனக்கு நின்னு பாக்க எங்கங்க நேரம்? செல்லமுத்து ரெண்டு விசில் அடிச்சா எடுக்கோணும், ஒரு விசில் அடிச்சா நிறுத்தோணும். ஆமாங்க, செல்லமுத்துதான் என்னோட கண்டக்டரு. பதினேழு வருசம் ஒட்டுக்கா ஓடுனோம். அன்னைக்கே மனசுல போட்டு வெச்சேன். ரிட்டையர் ஆனதும் ஒரு பழைய புல்லட்டு வாங்கோணும், ஒண்டியாக் கெளம்போணும், எவன் விசிலுக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு.

வாங்குனேன். டெண்டு அடிச்சுத் தங்கற எடமெல்லாம் போன்ல பாத்து வெச்சேன். காந்தளூர்ல ஒண்ணு, சூரியநெல்லிக்கு மேல ஒண்ணு, அப்படியே வாகமண் வரைக்கும். ஏழு நாளுப் பிளானு. திங்கக்கெழமை வெடியால எழுந்து மூட்டையைக் கட்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி உக்காந்தேன். எங்கூட்டுக்காரி தங்கமணி வாசல்ல நிக்கறா. நான் உக்காந்துட்டே இருக்கறேன். வண்டி ஓடிட்டே இருக்குது. ரெண்டு நிமிசம் ஆச்சு, மூணு நிமிசம் ஆச்சு.

"ஏனுங்க, போகலையா?"ன்னா.

அப்பத்தானுங்க வெளங்குச்சு. விசிலுக்காகக் காத்துட்டு இருந்திருக்கறேன். எனக்கே வெக்கமாப் போச்சு. "போங்க, போங்க"ன்னு அவ ரெண்டு தடவ சொன்ன பொறகுதான் கை கிளட்ச்ச விட்டுச்சு. சிரிங்க, சிரிங்க. அவளும் சிரிச்சா.

பயம் அங்கயே ஆரம்பிக்கலைங்க. செக்போஸ்ட்டு தாண்டி காட்டுக்குள்ள ஏறுனதும் ஆரம்பிச்சுச்சு. யானைக்குப் பயமான்னு கேப்பீங்க. யானை முன்னால வந்தா எனக்கு என்னங்க பயம்? எத்தனை யானை பாத்திருக்கறேன். லைட்டை அணைச்சுட்டு அது போற வரைக்கும் நின்னாப் போச்சு. எனக்குப் பொறகாலதானுங்க பயம். பஸ்ஸுன்னா பொறகால அறுவது பேரு இருப்பாங்க. கொழந்தை அழுகும், கெழவன் இருமுவான், டிக்கெட்டு டிக்கெட்டுன்னு செல்லமுத்து சத்தம் போட்டுட்டே வருவான். இதுல பொறகால ஒண்ணுமே இல்லை. வடையாட்ட ரெண்டு கண்ணாடி. அதுல என்னங்க தெரியும்? கழுத்துக்குப் பொறகால எவனோ நிக்கற மாதிரியே இருக்குது. திரும்பிப் பாத்தா ரோடு வெறுமனே கெடக்குது. பாக்காம இருந்தா முதுகு சில்லுன்னு ஆகுது. காந்தளூர் போய்ச் சேர்றதுக்குள்ள இருவது தடவ நிறுத்தித் திரும்பிப் பாத்திருப்பேன். மறையூர்ல வெல்லம் காச்சற வாசம் அப்படி வருது, எல்லாரும் எறங்கி வாங்கறாங்க. நான் எறங்கலையே.

காந்தளூர்ல நல்ல எடமுங்க. ஆப்பிள் மரத்துக்கு நடுவால டெண்டு. எதுத்தாப்புல மலை. ஐ.டி.யில வேலை செய்யற பசங்க ஏழெட்டுப் பேரு வந்திருந்தாங்க. "அங்கிள், சோலோவா? செம அங்கிள்"னு கை குடுத்தாங்க. ஒரு போட்டோ கூட எடுத்துட்டாங்க என்கூட. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? டெண்டு வாசலுக்கு நேரா வண்டியை நிறுத்தி, கண்ணாடியை டெண்டுக்குப் பொறகால இருக்கற பள்ளம் தெரியற மாதிரித் திருப்பி வெச்சேன். படுத்துட்டே பாக்கலாம்னு. இருட்டுல என்ன கண்ணாடி தெரியும்? தூங்கவே இல்லீங்க.

மறுநாள் மூணாறு. தேயிலைக் காடு, அணைக்கட்டு, தண்ணியில மேகம். கண்ணு கொள்ளாத அழகுங்க. எல்லாரும் முன்னால பாத்துப் போட்டோ எடுக்கறாங்க. நான் ஒருத்தன் அதுக்கு முதுகைக் காட்டிட்டு ரோட்டைப் பாத்துட்டு நின்னேன்.

அன்னைக்குச் சாயங்காலந்தான் சூரியநெல்லிக்கு மேல அந்த ரெண்டாவது எடத்துக்குப் போனேன். சின்ன வாசலு, அக்கட்ட அதலபாதாளம். அந்த எடத்துக்காரரு மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன். "அண்ணா, வண்டி கொறச்சு பின்னோட்டு எடுக்கணும் கேட்டோ, வேற வண்டி வரும்"னாரு. பின்னால எடுக்கோணும். அவ்வளவுதான். பத்தடி. காலை ஊனித் தள்ளுனா வந்துரும்.

என்னால முடியலைங்க. கால் ரெண்டும் தரையில ஒட்டிக்கிச்சு. "யாராச்சும் பொறகால நின்னு சொல்லுங்க"ன்னேன். அங்க தங்கியிருந்த பொண்ணு ஒண்ணு, இருவத்திநாலு இருவத்தஞ்சு வயசு இருக்கும், ஓடி வந்து பொறகால நின்னுக்கிச்சு. "வாங்க அங்கிள், வாங்க, வாங்க"ன்னு கையை ஆட்டுது. கண்ணாடியில பாக்கறேன். அந்தப் புள்ளையோட கால் தெரியுது. மூஞ்சி தெரியலை, கால் மட்டும் தெரியுது.

நான் கத்துனேன் பாருங்க. "பொறகால நிக்காதே! தள்ளிப் போ! போ அக்கட்ட!"ன்னு. மலையே எதிரொலிச்சுது. அந்தப் புள்ளை நடுங்கிப் போச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எடத்துக்காரரு வந்து வண்டியை வாங்கித் தள்ளி நிறுத்துனாரு. அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு போனேன். அவங்க கூட்டத்துக்குள்ள போயிருச்சு.

இருங்க, ஒரு விசில். எந்த ஊரு? ஓ, பள்ளிக்கூடம். சரி.

செல்லமுத்து விசயத்தைச் சொல்லிடறேன். இப்ப நான் அவனைப் பாக்கத்தான் போறேன். நாயம் கேக்கப் போறேன். என்னோட ரிட்டையர்மெண்ட் விழாவுக்கு அவன் வரலைங்க. பத்திரிகை குடுத்து விட்டேன். டெப்போவே வந்துச்சு, மாலை போட்டாங்க, சால்வை போத்துனாங்க. பதினேழு வருசம் ஒட்டுக்கா ஓடுனவன் வரலை. வராதவன் ஒரு போனாச்சும் பண்ணியிருக்கலாமல்ல? அதைக் கேக்கோணும். கேப்பேன்.

அது ரெண்டு வருசத்துக்கு முந்தி. மழைத் தூறல், காலையில பதினோரு மணி. ஒரு கொண்டை ஊசி வளைவுல எதுக்க லாரி. ரெண்டுல ஒருத்தன் பின்னால எடுக்கோணும். லாரிக்காரன் லோடு வெச்சிருக்கறான், நாந்தான் எடுக்கோணும். செல்லமுத்து எறங்கிப் பொறகால போனான்.

பின்னால எடுக்கறதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க தம்பி. கண்டக்டர் பொறகால நின்னு, எடம் இருக்கற வரைக்கும் சின்னச் சின்னதா விசில் அடிச்சுட்டே இருப்பாரு. பிப், பிப், பிப். அது கேட்டுட்டே இருக்கற வரைக்கும் வண்டியை எடுக்கலாம். விசில் நின்னுதுன்னா வண்டி நிக்கோணும். நிறுத்துன்னு கத்தட்டும்னு காத்திருக்கக் கூடாது. கத்தறவனுக்கு என்ன ஆச்சோ யாருக்குத் தெரியும்? வேலைக்குச் சேந்த மொத நாளு சொல்லிக் குடுக்கறதே இதுதான்.

எடுத்தேன். லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், பஸ்ஸுல இருக்கறவங்க "எடுங்க டிரைவரு, எடுங்க, நேரமாச்சு"ங்கறாங்க. ஈரத்துல அவனுக்குக் கால் வழுக்கிருச்சு. ரோட்டோரச் சுவத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவால மாட்டிக்கிட்டான். வலது கால். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

விசாரணை வெச்சாங்க. அவன் ஆஸ்பத்திரியில படுத்துட்டே எழுதிக் குடுத்துட்டான். நான் விசில் அடிச்சுட்டேதான் இருந்தேன், அடிச்சுட்டே வழுக்கி விழுந்துட்டேன், டிரைவர் மேல தப்பில்லைன்னு. என்னைக் கேட்டாங்க, விசில் கேட்டுச்சான்னு. கேட்டுச்சு சார்னேன். அவனே எழுதிக் குடுத்த பொறகு நான் என்னங்க சொல்றது? ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போயிட்டு வந்தேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். "திருமலண்ணா, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டான். அப்பறம் போகலை. போகோணும், போகோணும்னு இருந்தேன். டியூட்டி விடலை.

இப்ப புதூர்லதான் இருக்கறான். டெப்போவுல ஒரு கதை சொல்லிச் சிரிப்பாங்க. புதூர்ல பஸ்ஸைத் திருப்ப எடம் பத்தாது, பின்னால எடுத்துத்தான் திருப்போணும். வர்ற கண்டக்டருகளை அவன் எறங்கவே விடறதில்லையாம். கட்டையை ஊனிட்டு அவனே வந்து பொறகால நின்னு விசில் அடிக்கறானாம். ஒவ்வொரு டிரிப்புக்கும். கால் போயும் வேலை போகலைன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

எங்க விட்டேன்? ஆமா, சூரியநெல்லி. மூணாவது நாளு, அதாவது நேத்துக் காலையில, ரூட்டை மாத்திக்கிட்டேன். பயந்துட்டுப் பாதியில திரும்புனேன்னு நெனைக்காதீங்க. வாகமண்ல மழைன்னு யாரோ சொன்னாங்க. அதனால வந்த வழியே ஊருக்குத் திரும்பலாம்னு முடிவு பண்ணுனேன். அந்தப் புள்ளையை எதுக்க பாக்க வெக்கப்பட்டு, யாரும் எந்திரிக்கறதுக்கு முந்திக் கெளம்பிட்டேன்.

மூணாறு தாண்டி எறக்கத்துல மேகம் புடிச்சுக்கிச்சுங்க. அப்படி ஒரு மேகம். முன்சக்கரம் தெரியுது, அதுக்கு அக்கட்ட ஒண்ணும் தெரியலை. எனக்கு முன்னால தெரியாதது பெருசில்லை, பொறகால என்ன வருதோன்னுதான் உசுரு போகுது. ஒரு காரியம் பண்ணுனேன். சொல்லவே கூசுது. இஞ்சினை அணைச்சுட்டேன். பொறகால வண்டி வந்தா காதுல விழட்டும்னு. எறக்கத்துல சத்தமில்லாம உருட்டிட்டே வர்றேன். முப்பத்தோரு வருசம் வண்டி ஓட்டுனவன் செய்யற வேலையா இது? பயம் வந்தா புத்தி எங்கங்க இருக்குது.

அப்பத்தான் கேட்டுச்சு. விசில்.

சத்தியமாச் சொல்றேன் தம்பி. மேகத்துக்குள்ள இருந்து விசில். மனுசன் வாயில அடிக்கற மாதிரி. சின்னச் சின்னதா, விட்டு விட்டு. எனக்குச் சிலுத்துப் போச்சு. ஆனா ஒண்ணுங்க, அதைக் கேட்டதும் பயம் போயிருச்சு. மூணு நாளா முதுகுல உக்காந்திருந்த பயம் பொட்டுன்னு எறங்கிருச்சு. எடம் இருக்குது, வா, வான்னு கூப்பிடற மாதிரி இருந்துச்சு. பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டேன். வண்டி தன்னால வேகம் புடிக்குது. நான் சந்தோசமா வர்றேன். வளைவுல திரும்பறேன்.

விசில் நின்னுருச்சு.

என் கால் நான் சொல்லாமயே பிரேக்க மிதிச்சுது. கையும் புடிச்சுது. வண்டி ஒரு வெட்டு வெட்டிட்டு நின்னுச்சு. மேகம் கொஞ்சம் வெலகுது. கீழ பாத்தா ஒரு கால். ரோட்டுல நீட்டுன கால். என்னோட முன்சக்கரத்துக்கும் அதுக்கும் ஒரு சாண் இருக்கும். அவ்வளவுதான்.

கேரட்டு மூட்டை ஏத்துன பிக்கப்பு ஒண்ணு பஞ்சராகி வளைவுல நிக்குது. அதை ஓட்டிட்டு வந்தவரு, அம்பது வயசு இருக்கும், குல்லாய் போட்டுட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குத்த வெச்சு, ஒரு காலை நீட்டிட்டு, சக்கரத்துக்குக் கல்லு முட்டுக் குடுத்துட்டு இருக்கறாரு. நான் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் பாத்து, "என்னண்ணே, வண்டி நின்னு போச்சா?"ன்னு என்னைக் கேக்கறாரு.

"நீங்களா விசில் அடிச்சீங்க?"ன்னேன்.

"விசிலா? அது குருவிண்ணே. இந்தப் பக்கமெல்லாம் இருக்கும். மனுசன் மாதிரியே அடிக்கும். நான் கல்லு எடுக்க வந்ததுல இருந்து கத்திட்டே இருந்துச்சு. இப்பத்தான் பறந்துச்சு."

நான் வண்டியை விட்டு எறங்கி ரோட்டுலயே உக்காந்துட்டேன். அவரு தண்ணி குடுத்தாரு. குடிக்க முடியலை. "யானையைப் பாத்தீங்களா அண்ணே?"ங்கறாரு. இல்லைன்னு தலையை ஆட்டுனேன். அந்த நீட்டுன காலையே பாத்துட்டு இருந்தேன். ரப்பர் செருப்பு. குதிகால்ல வெடிப்பு.

பக்கத்து டீக்கடையில வண்டியை விட்டுட்டேன். சாவியை அவங்ககிட்டயே குடுத்தாச்சு. இனி என்னால அதுல ஏற முடியாது. மறையூர்ல ஒரு லாட்ஜுல கெடந்துட்டு, காலையில பஸ் ஏறி உடுமலை வந்தேன். ஊட்டுக்குப் போகலை. தங்கமணிக்குப் போன் கூடப் பண்ணலை. நேரா இந்த பஸ்ஸு.

குருவி விசிலுக்கு நின்ன கால் தம்பி. ஒரு குருவி வாயை மூடுனதுக்கு நின்ன கால். அப்ப அது தெரிஞ்ச கால்தானே? மறந்து போன கால் இல்லையே?

அன்னைக்கும் விசில் நின்னுச்சுங்க. செல்லமுத்து வழுக்குனப்ப விசில் வாயில இருந்து விழுந்துருச்சு. நின்னது எனக்குக் கேட்டுச்சு. ஹாரன் சத்தத்துலயும் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. எனக்குத் தெரியாத ரோடா, இன்னும் ஒரு முழம் எடுக்கலாம்னு எடுத்தேன். ஒரு முழந்தான்.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்க பேரு கூட எனக்குத் தெரியாது. அவன் ஏன் அப்படி எழுதிக் குடுத்தான்னு ரெண்டு வருசமா நான் யோசிச்சதே இல்லைங்க. யோசிச்சா தெரிஞ்சுருமேன்னு யோசிக்கலை. விழாவுக்கு ஏன் வரலைன்னு கேக்கப் போறவனைப் பாருங்க. மாலை போட்ட கழுத்தைப் பாருங்க.

அந்த வேலங்காடு தாண்டுனா புதூர்தானே? வந்துருச்சா? இவ்வளவு சீக்கிரமா?

எல்லாரும் எறங்கறாங்க. தம்பி, நீங்க ஒரு நிமிசம் இருங்க. என்கூட சித்த நேரம் இருங்க. எனக்குப் பயமா இருக்குது. யானைக்கு இல்லை, மேகத்துக்கு இல்லை. அவன் மறுபடியும் "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுருவானோன்னு பயமா இருக்குது. பஸ் திரும்பட்டும், அப்பறம் எறங்கலாம்.

கேக்குதா? பிப், பிப், பிப். கண்டக்டர் இல்லீங்க, அவரு படியிலயே நிக்கறாரு பாருங்க. இது பொறகால இருந்து வருது.

அந்தப் பொறகால கண்ணாடி வழியாப் பாருங்க. கட்டையை ஊனிட்டு நிக்கறான். எளைச்சுட்டான். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. அதே விசில், அதே செகப்புக் கயிறு. பஸ் அவன் மேலேயே போகுதே தம்பி, அவன் பாட்டுக்கு நின்னு அடிச்சுட்டே இருக்கறானே. இவ்வளவு கிட்டவா நிப்பாங்க? எத்தனை நம்பிக்கை இருந்தா இப்படி நிப்பான்? இங்க இருந்து பாத்தா எல்லாம் தெரியுதுங்க. டிரைவர் சீட்டுல இருந்து ஒண்ணுமே தெரியாது.

நிமிந்து பாக்கறான். என்னைப் பாத்துட்டான்.

விசில் நின்னுருச்சு.

வண்டியும் நின்னுருச்சு. பாத்தீங்களா தம்பி? நின்னுருச்சு. அந்த டிரைவருப் பையனுக்கு என்ன, முப்பது வயசு இருக்குமா? ஒரு விரக்கடை கூட எடுக்கலை. அவ்வளவுதானுங்க. அன்னைக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது இது ஒண்ணுதான்.

இந்த ஹெல்மெட்டைச் சித்தப் புடிங்க. நான் எறங்கோணும்.